ஜெய்சல்மேர்: தட்டைக் குன்றும் அதைத் தாங்கும் கல் அடுக்கும்

கேள்வி இதுதான். ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் கோட்டை நிற்கும் குன்றின் தலை சீவிவிட்டாற்போல் தட்டையாக இருக்கிறதே, அது காற்று அரித்ததா, மனிதர் வெட்டியதா? அவ்வளவு வறண்ட இடத்தில் ஒரு வணிக ஊர் எப்படி எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது? கோட்டை சரிந்துகொண்டிருக்கிறது என்று சொல்வது உண்மையா?

மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியதில்லை. மேலே கெட்டிக் கல், கீழே மென் கல் என்று மாறிமாறிப் படிந்த அடுக்குதான் குன்றைத் தட்டையாக்கியது. அதே அடுக்குதான் சுற்றுவட்டாரத்தில் மழைநீரை ஓடவிட்டும் தேக்கியும் ஊரைப் பிழைக்க வைத்தது. அதே அடுக்குக்குள் இன்று தண்ணீர் தவறான இடத்தில் இறங்குவதால்தான் கோட்டை சரிகிறது. ஆம், சரிவது உண்மை.

முதலில் பெயர். தட்டைத் தலைக் குன்றை நிலவியலில் மேசா என்பார்கள். ஸ்பானிய மொழியில் மேசை என்று பொருள். நாம் வீட்டில் சொல்லும் ‘மேசை’ போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த ‘மேசா’தான். ஆகவே மேசைக்குன்று என்று சொன்னால் அது மொழிபெயர்ப்பு மட்டுமல்ல, அதே சொல்லும்கூட. பல நூறு சதுர கிலோமீட்டர் பரந்திருந்தால் பீடபூமி. அதிலிருந்து அறுபட்டுத் தனித்து நின்று, உயரத்தைவிட அகலம் கூடுதலாக இருந்தால் மேசைக்குன்று. அதுவும் தேய்ந்து, அகலத்தைவிட உயரம் மிஞ்சினால் பியூட் என்ற ஒற்றைத் தூண்குன்று. அமெரிக்காவின் மான்யுமென்ட் பள்ளத்தாக்குப் படங்களில் செங்குத்தாக நிற்கும் சிவப்புக் குன்றுகள் இந்த வகை. பீடபூமி, மேசை, தூண் என்பவை மூன்று தனி இனங்கள் அல்ல, ஒரே தேய்மானத்தின் மூன்று வயதுகள்.

அந்தத் தேய்மானம் நடக்கும் விதத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பாலைவனம் என்றதும் காற்றுதான் செதுக்கியிருக்கும் என்று தோன்றும். காற்று அள்ளி வீசும் மணல் பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள்தான் பறக்கிறது. அதனால் பாறையின் அடியைத் தேய்க்கலாம், மெருகேற்றலாம். எழுபது மீட்டர் உயரக் குன்றைச் செதுக்க முடியாது. செதுக்குவது தண்ணீர். ஆண்டில் நாலைந்து முறை மட்டுமே வந்தாலும் அந்த நாலைந்து மழையே போதும். மேலே உள்ள கெட்டிக் கல்லில் செங்குத்தான வெடிப்புகள் உண்டு. மழைநீர் அவற்றின் வழியே இறங்கி, அடியிலுள்ள களிப்பாறையைத் தொடுகிறது. களி ஈரத்தில் ஊதி, காய்ந்ததும் சுருங்கி, பொடிப்பொடியாக உதிர்கிறது. அடி போனதும் மேற்கல்லின் விளிம்பு அந்தரத்தில் நிற்கும். கொஞ்ச காலம் கழித்து, வெடிப்பு ஓடிய கோட்டிலேயே பெயர்ந்து விழும். விழுந்த கற்கள் அடியில் குவிந்து ஒரு சரிவாகின்றன. பிறகு அடுத்த வெடிப்பின் முறை.

இங்கே கவனிக்க வேண்டியது: குன்றின் உயரம் அதிகம் குறைவதில்லை, பரப்புதான் சுருங்குகிறது. மேற்கல் மூடியாக இருந்து தன் அடியில் உள்ளதைக் காப்பாற்றுகிறது. தேய்மானமெல்லாம் பக்கவாட்டில் நடக்கிறது. அதனால்தான் தலை தட்டையாகவே இருக்கிறது. ஆக, ஜெய்சல்மேர் குன்றின் தலையை யாரும் வெட்டவில்லை. அது ஒரு பழைய கடலடிப் படிவின் மேல்பரப்பு.

நம்மூர்க் கோட்டை மலைகளை நினைத்துக்கொண்டால் வேறுபாடு சட்டென்று விளங்கும். செஞ்சி, திருமயம், நாமக்கல், சங்ககிரி எல்லாம் உருண்டு திரண்ட பாறைகள். அவை ஆழத்தில் உருகி இறுகிய, அல்லது வெந்து மாறிய கெட்டிப் பாறைகள். அடுக்கு கிடையாது, அதனால் மூடியும் கிடையாது. வெயிலிலும் மழையிலும் வெங்காயத் தோல்போல் மேலிருந்து உரிந்து உருண்டையாகின்றன. தட்டைத் தலைக்கு அடுக்கு வேண்டும். மகாராஷ்டிரத்தின் ராய்கட் போன்ற சஹ்யாத்திரி மலைக்கோட்டைகள் தட்டையாக இருப்பதற்கும் அடுக்குதான் காரணம். அங்கே அது எரிமலைக் குழம்பு ஒன்றன்மேல் ஒன்றாக வழிந்து இறுகிய அடுக்கு.

ஜெய்சல்மேரின் அடுக்குகள் ஜுராசிக் காலத்தவை. ஊருக்குத் தென்கிழக்கே தொடங்கி வடமேற்கு நோக்கிப் போனால், காலத்தில் கீழிருந்து மேலே ஏறுகிறோம். பாறைகள் எல்லாம் ஒருசில பாகை அளவுக்கு வடமேற்கே சாய்ந்து கிடப்பதுதான் காரணம். சாய்த்து வைத்த புத்தகக்கட்டின் விளிம்புகளை வரிசையாகத் தாண்டிப் போவதுபோல. முதலில் வருவது லாட்டி அடுக்கு. ஆறுகள் கொண்டுவந்த மணல் இறுகியது. ஊரிலிருந்து 17 கி.மீ. தொலைவில், பார்மேர் சாலையோரம் அகல் என்ற இடத்தில், 18 கோடி ஆண்டுப் பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 21 ஹெக்டேர் பூங்கா அது. பெரிய அடிமரம் ஒன்று 13 மீட்டர் நீளம். இன்று முள்மரமே அரிதான இடத்தில் அன்று பெருங்காடு இருந்திருக்கிறது. அடுத்து வருவது ஊரின் பெயரையே கொண்ட ஜெய்சல்மேர் அடுக்கு. கடல் உள்ளே வந்துவிட்ட காலம். சுண்ணாம்புக்கல், சுண்ணாம்பு கலந்த மணற்கல், நடுநடுவே களிப்பாறை. இதன் ஒரு உட்பிரிவுக்குக் கோட்டையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இன்னொன்றுக்குக் குல்தரா பக்கத்துப் பெயர். தாரோசாரஸ் இண்டிகஸ் என்று 2023இல் பெயரிடப்பட்ட நீள்கழுத்து டைனோசரின் எலும்புகள், 16.7 கோடி ஆண்டுப் பழையவை, இந்த அடுக்கில் கிடைத்தவைதான்.

இந்தச் சாய்வினால், கறாராகச் சொன்னால், ஜெய்சல்மேர் சுற்றுவட்டாரக் குன்றுகள் பலவும் முழு மேசைக்குன்றுகள் அல்ல. தென்கிழக்குப் பக்கம் வெட்டுவாய்போல் செங்குத்து, வடமேற்குப் பக்கம் மெதுவான சாய்தளம் என்று ஒருபக்கச் சாய்வுடன் நிற்கின்றன. இதற்குக் குவெஸ்டா என்று தனிப்பெயர் உண்டு. கோட்டை நிற்கும் திரிகூடக் குன்று அந்த வரிசையிலிருந்து அறுபட்டுத் தனித்து நிற்கும் துண்டு. சாய்வு மிகக் குறைவு என்பதால் கண்ணுக்குத் தட்டையாகவே தெரிகிறது. மேசைக்குன்று என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் சாய்வை மறந்துவிட்டால், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது புரியாமல் போய்விடும். அடுத்து வருகிற எல்லாமே அதைப் பொறுத்ததுதான்.

கல்லைப் பற்றி ஒரு திருத்தம். கோட்டையும் மாளிகைகளும் மஞ்சள் மணற்கல்லால் ஆனவை என்று எங்கும் எழுதுகிறார்கள். பெரும்பகுதி சுண்ணாம்புக்கல்லும், சுண்ணாம்பு நிறைந்த மணற்கல்லும்தான். பொன்னிறம் அதிலுள்ள இரும்பால் வருவது. சோதிப்பது எளிது: ஊரில் கல் பட்டறைகள் நிறைய, கழித்துப்போட்ட ஒரு சில்லை வாங்கி, சுரண்டிப் பொடியாக்கி, எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுங்கள். மெல்ல நுரைத்தால் சுண்ணாம்பு. முழுக் கல்மேல் விட்டால் நுரை தெரியாமல் போகலாம், பொடியாக்குவது அதனால்தான். கோட்டைச் சுவரில் இதைச் செய்யவே கூடாது. அமிலம் விழுந்த இடத்தில் கல் கரைந்து மேல்தோல் போய்விடும். சுண்ணாம்புக்கல்லின் இந்தக் குணம் முக்கியம். மழை மிகுந்த நாட்டில் அது கரைந்து குகையாகும், பள்ளமாகும். மழையற்ற நாட்டில் கரைக்க ஆளில்லாததால் அதுவே கெட்டிக் கல்லாகி, குன்றின் மூடியாக நிற்கும். ஜெய்சல்மேர் குன்று நிற்பதே அங்கே தண்ணீர் குறைவு என்பதால்தான்.

இனி ஊர். பாட்டி (Bhati) குல ராஜபுத்திரர்களின் முந்தைய தலைநகர் லோதர்வா. இன்றைய ஊரிலிருந்து சுமார் 16 கி.மீ. வடமேற்கே, காக் என்ற மழைக்கால ஆற்றின் ஓரத்தில் இருந்தது. தண்ணீருக்கு நல்ல இடம், ஆனால் சமவெளி. படை வந்தால் ஒதுங்க இடமில்லை. 1156இல் ராவல் ஜெய்சல் திரிகூடக் குன்றுக்கு மாறினார். குன்று சுற்றுத் தரையிலிருந்து சுமார் 76 மீட்டர் உயரம். கோட்டை சுமார் 460 மீட்டர் நீளம், 230 மீட்டர் அகலம், கிட்டத்தட்ட முக்கோண வடிவம். செங்குத்து விளிம்பைக் குன்றே கொடுத்துவிட்டது; சுவர் அந்த விளிம்பைத் தொடர்ந்து ஏறினால் போதும். 99 கொத்தளங்களில் 92, 1633க்கும் 1647க்கும் இடையில் கட்டப்பட்டவை. ஏறும் வழி ஒன்றுதான், அது அகை, சூரஜ், கணேஷ், ஹவா என்ற நான்கு வாயில்களின் வழியே வளைந்து வளைந்து போகிறது.

பாதுகாப்பு மட்டும் ஊரை வளர்க்காது. சிந்து, முல்தான் பக்கத்திலிருந்து குஜராத்துக்கும் தில்லிப் பக்கத்துக்கும் போகும் ஒட்டக வரிசைகள் தார் பாலையைக் குறுக்கே கடந்தாக வேண்டும். தார் என்றால் மணல்மேடு என்று நினைக்கிறோம். ஜெய்சல்மேரைச் சுற்றி இருப்பது மணல் அல்ல, கல் பரந்த வெட்டவெளி. அங்கே மக்ரா என்பார்கள். புகழ்பெற்ற சம் மணல்மேடுகள் ஊரிலிருந்து 40 கி.மீ.க்கும் மேல் தள்ளித்தான். சுமையேற்றிய ஒட்டகத்துக்கும் வண்டிக்கும் கெட்டித் தரை எளிது. அதைவிடப் பெரியது, கல்தரையில் விழும் மழை உள்ளே போகாது; ஓடும். ஓடுகிற தண்ணீரைப் பிடிக்கலாம். மணலில் விழுந்தது விழுந்த இடத்திலேயே மறைந்துவிடும். ஆண்டு மழை சராசரியாக 200 மி.மீ.க்கும் குறைவு, சென்னையில் பெய்வதில் ஏழில் ஒரு பங்கு. இதை வைத்துக்கொண்டு ஒரு வணிக ஊர் நடந்தது என்றால், அது அந்தக் கல்தரையால்தான்.

குடிநீருக்குக் கடீசர் ஏரி. ஊருக்குத் தென்கிழக்கே, கல்தரை சரிந்து வரும் இடத்தில் அணை போட்டுத் தேக்கியது. ராவல் ஜெய்சல் காலத்தது என்பார்கள். 14ஆம் நூற்றாண்டில் கட்ஸி சிங் விரிவாக்கிக் கட்டியதால் ஏரிக்கு அவர் பெயர். குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊர் குடித்தது அந்த ஏரியைத்தான்.

சோற்றுக்குக் கடீன். இது நின்று பார்க்க வேண்டிய தொழில்நுட்பம். கல்மேடுகளுக்கு நடுவே பள்ளமான நிலத்தைத் தேர்ந்து, அதன் தாழ்ந்த ஓரத்தில் மண்கரை போடுகிறார்கள். நீளம் வழக்கமாக 100 முதல் 300 மீட்டர், உயரம் ஒன்றரை முதல் மூன்றரை மீட்டர். மிஞ்சிய நீர் வழிய ஒரு கலிங்கு, அடியில் திறந்துவிட ஒரு மதகு. ஆடி ஆவணி மழையில் கல்மேட்டிலிருந்து ஓடிவரும் நீர் வண்டலோடு வந்து கரைக்குள் நிற்கிறது. நிற்க நிற்க மண்ணுக்குள் இறங்குகிறது. ஐப்பசி வாக்கில் நிலம் வெளியே தெரிந்ததும், மீதி நீரை மதகில் விட்டுவிட்டு, அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்கிறார்கள். அதன்பின் ஒரு பாசனம்கூடக் கிடையாது.

கணக்குப் போட்டால் இதன் அழகு தெரியும். பயிர் நிலத்தைப்போல் பதினைந்து மடங்கு கல்தரை மேலே வேண்டும் என்பது பொதுவான அளவு. அதாவது 1 ஹெக்டேர் வயலுக்கு 15 ஹெக்டேர் மேட்டுநிலம். பருவம் முழுக்க 100 மி.மீ. மழைதான் என்று வைப்போம். அந்தப் பக்கத்துக்கு அது மோசமான ஆண்டு. 15 ஹெக்டேரில் 100 மி.மீ. என்றால் 15,000 கனமீட்டர். அதில் 30 விழுக்காடு ஓடிவந்தால் 4,500 கனமீட்டர். 1 ஹெக்டேரில் அது 450 மி.மீ. உயரத்துக்குச் சமம். வயலில் நேரே விழுந்த 100 மி.மீ.யையும் சேர்த்தால் 550. வழியில் ஆவியாவதைக் கழித்தாலும் ஒரு கோதுமைப் பயிருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

எங்கே கெடும்? மேட்டுநிலத்தில் உழுதாலோ, சாலை போட்டு ஓட்டத்தைத் திருப்பினாலோ, கல் வெட்டிக் குழி ஆக்கினாலோ, ஓடிவரும் நீர் பாதியாகும். கலிங்கு தாழ்வாக இருந்தால் தண்ணீர் தேங்காது. உயரமாக இருந்தால் பெருமழையில் நீர் கரைமேல் ஏறி உடைத்துவிடும். மதகைத் திறக்காமலே ஆண்டுக்கணக்கில் விட்டால் உப்பு தங்கும். பழைய கடீன்களில் கரைக்கு அப்பால் ஒரு கிணறு தோண்டியிருப்பார்கள். கரைக்கு அடியில் கசியும் நீர் உப்பைத் தன்னோடு வெளியே இழுத்துப்போகிறது, அந்தக் கசிவு கிணற்றுக்கும் ஊறுகிறது. ஒரே கசிவுக்கு இரண்டு வேலை.

கடீனைப் பெருக்கியவர்கள் பாலிவால் பிராமணர்கள். இன்று பேய் ஊர் என்று சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டப்படும் குல்தரா அவர்களுடையது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் கிளம்பிப் போனார்கள். போகும்போது ஊரைச் சபித்தார்கள் என்ற கதையையே கேட்டுவிட்டுத் திரும்புவது வருத்தமானது. அந்த ஊர் காக் ஆற்றுப் படுகையில் ஏன் உட்கார்ந்தது, அதன் கடீன்கள் எங்கே இருக்கின்றன என்று ஒரு பார்வை பார்த்தால், பேயைவிடப் பெரிய விஷயம் கிடைக்கும்.

மணல் மிகுந்த மேற்கே ராம்கட் பக்கம் போனால் உத்தி மாறுகிறது. அங்கே மணலுக்கு அடியில் சில இடங்களில் ஜிப்சம் அல்லது சுண்ணாம்பு கலந்த ஒரு கெட்டிப் பட்டை ஓடுகிறது. மழைநீர் மணலில் இறங்கி அந்தப் பட்டைமேல் ஈரமாகத் தங்கும். பட்டைக்குக் கீழே நிலத்தடி நீர் உப்பு. பட்டையை உடைக்காமல், அதன்மேல் வரை மட்டும் ஒடுக்கமான கிணறு இறக்குவார்கள். பேரி, குயீ என்று பெயர். வாய் ஒடுக்கமாக இருந்தால் ஆவியாவது குறைவு, மணல் சரிவதும் குறைவு. இரவெல்லாம் சொட்டுச்சொட்டாக ஊறியதைக் காலையில் சில குடம் எடுக்கலாம். பேராசைப்பட்டு ஆழப்படுத்திப் பட்டையைத் துளைத்தால் நல்ல நீர் கீழே போய்விடும், உப்புநீர்தான் மிஞ்சும்.

வணிகத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், எழுதியவர்கள் நிறையப் பேர். சரிகை, பட்டு, உலர்பழம், தந்தம், அபின் எல்லாம் இந்த வழியே போயின. அரசுக்குச் சுங்கம், வணிகருக்கு வட்டி. 1843இல் ஆங்கிலேயர் சிந்துவைப் பிடிக்கும்வரை, மால்வா பகுதியில் விளைந்த அபின், கிழக்கிந்தியக் கம்பெனியின் கண்ணில் படாமல் பாலி, ஜெய்சல்மேர், கராச்சி வழியே கடலுக்குப் போனது. 1805இல் குமன் சந்த் பட்வா தன் ஐந்து பிள்ளைகளுக்கென்று தொடங்கிய ஐந்து மாளிகைகள் அந்தப் பணத்தின் சாட்சி. பிறகு பம்பாய்த் துறைமுகமும் ரயிலும் சரக்கை இழுத்துக்கொண்டன. 1947இல் எல்லை விழுந்ததும் மேற்குவழி மூடிவிட்டது. ஊர் வறுமையில் கிடந்ததால்தான் பழைய வீடுகளை இடித்துப் புதுப்பிக்க யாரிடமும் காசில்லை. அவை நமக்கு மிஞ்சின.

இப்போது கடைசிக் கேள்வி. கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன, ஏறத்தாழ 3,000 பேர். பழைய காலத்தில் தண்ணீர் கீழிருந்து குடத்தில் ஏறியது. ஏற்றிய தண்ணீரைத் துளிகூட வீணாக்க மாட்டார்கள். மழைநீர் வெளியேற, கூட் நாலி என்ற கல் வடிகால்கள் நான்கு பக்கமும் இறங்கின. குன்றின் தலையில் விழுந்த நீர் உள்ளே இறங்காமல் விளிம்பைத் தாண்டி வெளியே கொட்ட வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். பிறகு குழாய் வந்தது, கழிவறை வந்தது, விடுதிகள் வந்தன.

என்ன மாறியது என்று ஒரு தோராயக் கணக்கு. குன்றின் தலையை முக்கோணம் என்று கொண்டால் 460 × 230 ÷ 2, சுமார் 53,000 சதுர மீட்டர். ஆண்டுக்கு 200 மி.மீ. மழை என்றால் 10,600 கனமீட்டர், அதாவது சுமார் 1 கோடி லிட்டர். 3,000 பேர் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் செலவழித்தால் ஆண்டுக்குச் சுமார் 11 கோடி லிட்டர். விடுதி விருந்தினரைச் சேர்க்காமலே, வானத்திலிருந்து வருவதைப்போல் பத்து மடங்கு. குன்றின் பார்வையில் சொன்னால், பாலைவனத்திலிருந்து அதைத் தூக்கி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைச்சரிவில் வைத்தாற்போல. இதில் பத்தில் ஒரு பங்கு கசிந்தாலே, ஒரு ஆண்டு மழை முழுவதும் பாறைக்குள் இறங்குவதற்குச் சமம். அதுவும் மழைபோல் வந்து காய்ந்துவிடாமல், தினமும் ஒரே இடத்தில்.

இறங்கிய நீர், குன்று உருவானபோது செய்த அதே வேலையைத்தான் செய்கிறது, வேகமாக. வெடிப்பு வழியே போய்க் களியை ஊற வைக்கிறது. களி ஊதுகிறது, இளகுகிறது. மேலே சுவரும் கொத்தளமும் நிற்பது மேற்கல்லின் விளிம்பில். எந்தக் காலத்திலும் முதலில் பெயர்வது அந்த விளிம்புதான். குன்றின் அடியில், உதிர்ந்த சரிவைத் தாங்க சுமார் நாலரை மீட்டர் உயரத்தில் ஒரு வெளிச்சுவர் உண்டு. அதன் பின்னால் தண்ணீர் தேங்கினால் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சதுர மீட்டருக்கு 1 டன் அழுத்தம் கூடும். சுவர் முழு உயரத்துக்கும் தேங்கினால், அடிக்கல்மேல் சதுர மீட்டருக்கு நாலரை டன். காரை பூசாமல் கல்லோடு கல் பொருத்திக் கட்டிய சுவரில் இடுக்குகள் வழியே நீர் கசிந்து வெளியேறும். அதுதான் அதன் உயிர். யாரோ நல்லெண்ணத்தில் சிமென்ட் பூசி இடுக்கை அடைத்தால் நீர் பின்னால் நின்றுவிடும். 1998இல் வெளிச்சுவர் சரிந்து ஆறு பேர் இறந்தார்கள். 2000, 2001இல் மேலும் கொத்தளங்கள் விழுந்தன. 2024 ஆகஸ்ட் பெருமழையிலும் சுவரின் ஒரு பகுதி சரிந்தது. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996, 1998, 2000 என்று மூன்று முறை ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது. 2013இல் ராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளோடு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலுக்கு வந்தது. செஞ்சியில் ஒரு குழாய் உடைந்தால் தண்ணீர் பாறைமேல் வழிந்து போய்விடும். இங்கே அது அடித்தளத்தைக் கரைக்கும்.

இன்னொரு சேதம் கண்முன்னாலேயே நடக்கிறது. ஈரம் சுவரின் அடியிலிருந்து மேலே ஏறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. வெயிலில் நீர் ஆவியானதும் உப்பு கல்லின் துளைகளுக்குள் படிகமாகி, உள்ளிருந்து நெம்புகிறது. முழங்கால், இடுப்பு உயரத்தில் கல் மாவுபோல் உதிர்ந்து, மேலே உள்ள செதுக்கு மட்டும் புதிதுபோல் இருப்பதைக் கோட்டைத் தெருக்களில் பார்க்கலாம். கையால் தடவிப் பார்க்க ஆசை வரும். தடவினால் இன்னும் கொஞ்சம் உதிரும்.

சரிசெய்ய என்ன வேண்டும்? முதலில் கழிவுநீர்க் குழாய். களி அசையும் இடத்தில் விறைப்பான குழாயும் சிமென்ட் மூட்டும் விரிசல் விடும். அசைவுக்கு இடம் கொடுக்கும் மூட்டு வேண்டும், பழுது தெரிய இடையிடையே பார்வைத் தொட்டி வேண்டும். சரிவு போதாமல் பதித்தால் அடைப்பு, அடைப்பு வந்தால் பின்னோக்கிக் கசிவு. பழைய கூட் நாலிகளை அடைத்துக் கட்டியிருந்தால் திறந்தாக வேண்டும். மழைநீரையும் கழிவுநீரையும் ஒன்றாக விடவே கூடாது, பெருமழையில் குழாய் திணறி எல்லாம் தரைக்குள் போகும். பூச்சுக்குச் சுண்ணாம்புக் காரைதான், சிமென்ட் அல்ல. சிமென்ட் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். விளிம்பில் உள்ள வீடுகளின் மேல் புது மாடி ஏற்றக் கூடாது. ஒரு விரிசல் பழையதா, இன்னும் ஓடுகிறதா என்று அறிய, குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டித் தேதி எழுதிவைப்பது பழைய வழி. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். காசு குறைவு; ஒரு மழைக்காலத்திலேயே பதில் கிடைத்துவிடும்.

மக்களை வெளியேற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. அது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. ஆளில்லாத வீட்டில் கூரை ஒழுகினால் பார்க்க ஆளிருக்காது. விடுதிகளின் தண்ணீர்ச் செலவைக் கீழ் ஊருக்கு இறக்குவதும், குடியிருப்போரின் வடிகாலைச் செம்மையாக்குவதும்தான் வேலை. நீங்கள் போனால் தங்கும் அறையைக் கோட்டைக்கு வெளியே எடுங்கள். வாளிக் குளியல் 20 லிட்டரில் முடியும். ஷவரில் பத்து நிமிடம் நின்றால் 80 லிட்டரைத் தாண்டும். அது எங்கே இறங்குகிறது என்பது இப்போது தெரியும்.

பார்க்கும் வரிசையையும் அடுக்கின்படி வைத்துக்கொள்ளலாம். முதல் காலையில் அகல். திரும்பும் வழியில் கடீசர் கரையிலிருந்து கோட்டையைப் பாருங்கள். கிழக்கு வெயில் முகத்தில் விழும்போது மேலே கட்டிய சுவர், அதன்கீழ் இயற்கையான மேற்கல்லின் கோடு, அதற்கும் கீழே உதிர்ந்த சரிவு என்று மூன்று பட்டைகளும் பிரிந்து தெரியும். பிற்பகலில் குல்தராவும் அதன் கடீன்களும், பிறகு லோதர்வா. கடீனுக்கு மட்டும் பருவம் பார்த்துப் போக வேண்டும். ஆகஸ்டில் நல்ல மழை பெய்திருந்தால் அது ஏரி. நவம்பரில் உழுத நிலம். ஜனவரியில், சுற்றிலும் சாம்பல் நிறக் கல்வெளி இருக்க, நடுவில் ஒரு துண்டுப் பச்சைக் கோதுமை. ஏப்ரலில் போனால் அறுப்பு முடிந்து, பாளம் பாளமாக வெடித்த வண்டல் மட்டும் கிடக்கும்.